கலந்தது ராத்தங்கக் கூடாது

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: கலந்தது ராத்தங்கக் கூடாது. பட்டாசு ஆலையில் காலையில் கலந்த கலவை சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். ராத்தங்கினால் தானாகவே வெடித்துவிடக்கூடும்; மிஞ்சினால் தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். என் அப்பா ராஜபாண்டியன் இந்தச் சட்டத்தை ஆலையிலிருந்து சமையலறை வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டு இட்லி மாவுகூட அவர் கண்ணில் படாமல்தான் புளிக்கும்.

அப்படிப்பட்ட வீட்டு அலமாரியில் ஆறு குப்பிகளை முப்பது நாள் வைக்கத் துணிந்த என் புத்தியை என்னவென்று சொல்ல.

குப்பிகளில் இருந்தது குர்குமின், மஞ்சளின் மருந்துச் சத்து. தண்ணீரில் கரையவே கரையாது, அவ்வளவு வீம்பு. அதைக் கரைக்க நான் சங்கிலி போன்ற ஒரு பாலிமரைப் பிடித்தேன். அதன் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு ஆகாது. தண்ணீரில் விட்டால் ஆகாத முனைகளெல்லாம் உள்ளே ஒடுங்கி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகிவிடும். மைசெல் என்பார்கள். அந்த உள்ளறையில் மருந்து ஏறிக்கொள்ளும். முதல் தடவை நூற்றுக்கு நான்கு பங்குதான் ஏறியது. மூன்றாம் நாளே மஞ்சள் பொடி அடியில் படிந்தது. அறைக்கும் மருந்துக்கும் ஒட்டுதல் இல்லை. பிறகு உள்முனையில் பென்சீன் வளையங்களைக் கோத்தேன். குர்குமினிலும் அதே வளையங்கள் உண்டு. வளையத்தை வளையம் பற்றிக்கொண்டது. பதினெட்டு பங்கு ஏறியது.

"ரொம்பத் துள்ளாத, பிரீத்திகா" என்றார் என் பேராசிரியை. "பிடிச்சாப் போதாது. விட வேண்டிய இடத்துல விடவும் வேணும். விடாத மைசெல்லால நோயாளிக்கு என்ன லாபம்?"

முப்பது நாள் படியாமல் நின்றால் புனே ஆய்வகத்தில் எனக்கு இடம். ஜூன் பத்துக்குள் அளவுகளை அனுப்ப வேண்டும். தவறினால் காரியாபட்டி மாப்பிள்ளை வீட்டோடு நிச்சயம். அப்பாவும் நானும் பேசி முடித்த ஒப்பந்தம் இது. கல்லூரி ஆய்வகத்தைக் கோடை விடுமுறைக்குப் பூட்டிவிட்டதால் குப்பிகள் வீட்டுக்கு வந்தன. தினமும் காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். தெளிவாகவே இருந்தன.

இருபத்தெட்டாம் நாள் மாலை கடைக்குப் போய்த் திரும்பினால், கொல்லையில் ஆறு குப்பிகளும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. பக்கத்தில் வெள்ளை வாளியில் பாதித் தண்ணீர், மஞ்சளாக. அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கொட்டிட்டீகளா?"

"ஆமாம்மா."

"ரெண்டு நாள்தானப்பா பாக்கி. இது வெடிக்காதுன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்."

"சொன்ன. புத்திக்குத் தெரியுது, படுத்தாக் கண்ணு மூட மாட்டேங்குது. விஸ்வநத்தத்துல உங்க சித்தப்பன் மிச்சக் கலவைய நாளைக்கு ஆகும்னுதான் மூடி வச்சான், அது வெடிச்சுத்தான் போய்ச் சேந்தான். நீ படுக்கிற ரூம்புல அது இருக்கையில நான் எப்படித் தூங்க?"

கோபம் தலைக்கேறியது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவர் உலர்ந்த கையையே இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். நிச்சயத்துக்காகக் கொட்டியிருந்தால் சண்டை போட்டுக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். என்னைக் காப்பாற்றக் கொட்டியவரிடம் என்ன சண்டை போடுவது?

"திரும்பச் செஞ்சுக்கலாம்லம்மா?"

"முப்பது நாளாகும்ப்பா. ஜூன் பத்து போயிரும்."

"அப்பக் காரியாபட்டிக்குச் சொல்லிரவா?" என்று மெதுவாகக் கேட்டார். சரி என்று தலையசைத்தேன். பேச்சு பேச்சுதான்.

விடிந்ததும் வாளியைப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீரில் விட்டால் பலமில்லாத மைசெல் கலைந்துவிடும், மருந்து வெளியேறி அடியில் படியும். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் வேறு. ஆனால் அடியில் ஒரு பொட்டுப் பொடி இல்லை. மஞ்சள் அப்படியே நின்றது. வாளித் தண்ணீரைச் சான்றாக யார் ஏற்பார்கள்?

அப்பா பின்னால் வந்து நின்றார். இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கிய முகம்.

"அங்கன என்னம்மா பாக்குற?"

"பிடிச்ச பிடிய விடலப்பா."

"நல்லதுதானம்மா" என்றார்.