இயக்குபவர்: சுப்பிரமணி

1

இந்தக் கதை ஓர் எடைச் சீட்டிலிருந்து வந்தது. பிற்பாடு யாராவது கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு காயலான்கடைக்காரரின் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் கிடந்த இரும்பில் என்னுடைய துருப்பிடித்த புத்தக அலமாரியும் இருந்தது. (புத்தகங்கள் வீட்டில் தரையில் பத்திரமாக இருக்கின்றன, கவலை வேண்டாம்.) ‘கம்ப்யூட்டர் எடைமேடை, 24 மணி நேரமும்’ என்று எழுதியிருந்த இடத்தில் வண்டி ஏறி நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டினார். கடைக்காரர் வாங்கிக்கொண்டு, “வரேன் சுப்பிரமணிக்கா” என்றார்.

நான் சீட்டைப் பார்த்தேன். வண்டி எண், எடை, நேரம். அடியில், ‘இயக்குபவர்: சுப்பிரமணி’.

“நீங்களா சுப்பிரமணி?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “அத்த இன்னா சொல்றது சார். வண்டிய எடுக்கச் சொல்லுங்க, பின்னாடி லாரி நிக்குது பாருங்க.”

மிச்சத்தை வழியில் கடைக்காரர் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டர் பதினாறு வருஷப் பழசு. அதில் உள்ள மென்பொருளும் அவ்வளவு பழசு. முதன்முதலில் வேலைக்கு இருந்த சுப்பிரமணி என்பவரின் பெயரை அதில் ஏற்றினார்கள். அவர் எட்டு மாதத்தில் போய்விட்டார், பெயர் போகவில்லை. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். இனி வருவதற்கெல்லாம் நானே பொறுப்பு.

2

முதல் தொடக்கம் இது:

[கணினிக்கும் மனிதரைப் போலவே முதுமை உண்டு. அதுவும் மூச்சிரைக்கும், மறக்கும், காலையில் எழுந்திருக்க அடம்—]

நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் தலைமையாசிரியர் பேசுகிற மாதிரி இருந்தது.

இரண்டாவது தொடக்கத்தில், எடைமேடையில் லாரி ஏறியதும் ‘வண்டியை நிறுத்துங்கள்’ என்று ஒரு பதிவுக்குரல் வரும். அது அவளுடைய இறந்துபோன கணவனின் குரல். கணினியை மாற்றினால் குரல் போய்விடும். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. கண்ணீருக்காக ஓர் ஆளைக் கொல்கிற பழக்கம் எனக்கு இருக்கிறது. அந்தக் கணவர் இப்போது உயிரோடு இருக்கிறார், பொன்னேரியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன், நாளைக்கு இரண்டு முறை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிறார். கதைக்கு அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்.

ஆக, மூன்றாவது தொடக்கம்.

சாராள் காலை ஆறு மணிக்கு எடைமேடைக்கு வருவாள். ராத்திரி கரண்ட் போய் வந்திருந்தால் கம்ப்யூட்டர் தன்னை 2009 ஜனவரி ஒன்றாம் தேதி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாராள் அதை இன்றைய தேதிக்கு இழுத்து வருவாள். அப்புறம் ஓர் எழுத்தைத் தட்டுவாள், இருபது எண்ணுவாள், இன்னொரு எழுத்தைத் தட்டுவாள். இருபதுக்குப் பதிலாகப் பதினைந்து எண்ணினால் எல்லாம் உறைந்துபோகும். இந்தச் சூட்சுமம் எந்தக் கையேட்டிலும் கிடையாது.

ஒருநாள் அவள் லீவு போட்டதில் தேதியை யாரும் திருத்தவில்லை. பதினெட்டு லாரிகள் 2009க்குப் போய் எடை போட்டுக்கொண்டு திரும்பின.

3

இந்த இடத்தில் வாசகர் கேட்கலாம்: சரி, சீட்டில் யார் பெயர் இருந்தால் என்ன? எடை சரியாக இருந்தால் போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இந்தப் பகுதியை எழுத வேண்டியிருந்தது.

போன ஐப்பசியில், மண் ஏற்றிய ஒரு லாரிக்கு அவள் போட்ட எடைக்கும், அது போய்ச் சேர்ந்த ஒரு வார்ப்புத் தொழிற்சாலையின் சொந்த எடைக்கும் முந்நூறு கிலோ வித்தியாசம் வந்தது. சாராளுக்குக் காரணம் தெரியும். அடைமழை. தார்ப்பாய் ஊறி, மண்ணும் ஊறி, லாரி வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு போயிருக்கிறது. சொல்லிவிட்டு வரலாம் என்று அவளே கிளம்பிப் போனாள். வாசலில் இருந்த அதிகாரி சீட்டைப் பார்த்தார்.

“சுப்பிரமணி எங்கம்மா?”

“நான்தான் சார் எடை போட்டேன்.”

“நீ சுப்பிரமணியா?”

“அது பழைய பேரு சார். மிஷின்ல மாத்த முடியல.”

“பேரு உள்ளவரு வரட்டும். கையெழுத்து அவருதான் போடணும்.”

சுப்பிரமணி இப்போது ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன் செய்து வரவழைத்தார்கள். நல்ல மனிதர், சவாரியை விட்டுவிட்டு வந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். தான் கண்ணால் காணாத லாரிக்கு, சாராள் வாசலில் சொல்லி அனுப்பிய காரணத்தை அப்படியே ஒப்பித்துக் கையெழுத்துப் போட்டார். சாராள் அவ்வளவு நேரமும் கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வலித்தது. பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட எடை தப்பாகப் போட்டதில்லை, அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளக்கூட அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

வெளியே வந்த சுப்பிரமணி தலையைச் சொறிந்தார். “இன்னாக்கா இது பேஜாரு. அன்னிக்கி நான் வச்ச பாஸ்வேர்டு மட்டும் ஞாபகம் வந்துச்சின்னா பேர மாத்திக் குடுத்துடுவேன். என் பையன் பேரு போட்டுப் பாத்தேன், பைக் நம்பரு போட்டுப் பாத்தேன். எதுவும் எடுக்கல.”

மென்பொருளைச் செய்த நிறுவனம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆக, கணினியின் இயங்குதளம், எடை மென்பொருள் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினால்தான் பெயர் மாறும்.

4

எப்போது ஏற்றுவது?

பழைய கணினி வைத்திருக்கிற எல்லாரையும் ஆட்டிவைக்கிற கேள்வி இது. ஓடிக்கொண்டிருக்கும்போது ‘ஓடுகிறதே’ என்று விட்டுவிடுகிறோம். நின்றுபோன பிறகு ‘முன்னாடியே செய்திருக்கலாம்’ என்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான நாள் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அது சாதாரண செவ்வாய்க்கிழமையாக வந்துவிட்டுப் போயிருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். எனக்குப் பாடம் சொல்லத் தகுதியில்லை. இந்த வரியை எழுதுகிற மடிக்கணினி ஒன்றரை வருஷமாக ‘இப்போதா, பிறகா’ என்று கேட்கிறது. நானும் பிறகு, பிறகு என்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

எடைமேடை முதலாளி அப்பாவுவும் என் கட்சிதான். ஊரில் நெல் நிலம், சாலையோரத்தில் எடைமேடை என்று இரண்டையும் பார்த்துக்கொள்கிற எழுபது வயதுக்காரர்.

“ஓடிக்கினுதானே கீது? அத்த ஏன் நோண்டணும்?” என்பார். “போன வருசம் என் போன்ல அப்டேட்டுன்னு ஒன்ன அமுக்கினேன். எல்லாம் சைனா எழுத்தா ஆயிடுச்சி. ரெண்டு நாளு யாரு கூப்புடறான்னே தெரியாம எல்லார்கிட்டயும் நலம் விசாரிச்சிக்கினு இருந்தேன்.”

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். மீசையெல்லாம் வைத்தேன். ஆனால் மனிதர் வில்லத்தனத்துக்கு ஒத்துழைக்கவே இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் பயம்தான். மீசையை எடுத்துவிட்டேன்.

அப்புறம் அதே வார்ப்புத் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்டோபர் பதினைந்திலிருந்து, பாதுகாப்பு இல்லாத பழைய கணினியில் அடித்த சீட்டு செல்லாது. அப்பாவு இறங்கி வந்தார். ஆனால் வேலை முடிய ஐந்து மணி நேரம் ஆகும், அதுவரை மேடையை மூட வேண்டும் என்று சொல்லிவிட்டார் காக்களூரிலிருந்து வருகிற கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஆசீர்வாதம். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிற மேடை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் நிற்கும். அது ஆயுதபூஜை. அன்று பூஜை போட்ட கருவியை மறுநாள்வரை தொடக் கூடாது.

கணினி சும்மா இருக்கிற ஒரே நாள், கணினியைத் தொடக் கூடாத நாள்.*

சாராள்தான் வழி சொன்னாள். பூஜையைச் சாயங்காலம் நாலு மணிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆசீர்வாதம் காலையில் வந்து அதற்குள் முடித்துவிடட்டும். அப்பாவு தலையாட்டினார்.

* இதை நான் கண்டுபிடித்தபோது எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு முடிச்சு சுலபத்தில் கிடைக்காது.

5

ஆயுதபூஜையன்று காலை எட்டரைக்கு வந்த சாராளுக்கு வாசலிலேயே கற்பூர வாசனை அடித்தது.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. வாழைக்கன்று கட்டியாயிற்று. கம்ப்யூட்டர் திரை, விசைப்பலகை, பிரிண்டர், மின்விசிறி சுவிட்சு, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அப்பாவு பொரி தின்றுகொண்டிருந்தார்.

“இன்னா மொதலாளி, நாலு மணிக்குன்னு சொன்னீங்களே?”

“நல்ல நேரம் காலைலதாம்மா இருந்துச்சி.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பொரியில் எதையோ தேடினார்.

பையோடு வந்து நின்ற ஆசீர்வாதம் பொட்டைப் பார்த்ததும் பின்வாங்கினார். “நான் தொட மாட்டேன்க்கா. நான் சர்ச்சுக்குப் போறவன்தான். ஆனா எனக்கு சோறு போடற கம்பெனிலாம் பூஜை போடறவங்க. பொட்டு வச்ச சிஸ்டத்துல கை வச்சான்னு பேரு வந்துச்சின்னா காக்களூர்ல ஒருத்தன் கூப்புட மாட்டான்.”

[இங்கே சாராள் ஒரு நீண்ட வசனம் பேசினாள். தொழிலுக்கு மரியாதை எது என்பது பற்றி. நன்றாகத்தான் இருந்தது, அவள் பேசுகிற மாதிரி இல்லை. எடுத்துவிட்டேன்.]

சாராள் உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். வழக்கம்போல் மேசைக்கு அடியில் காலை நீட்டினாள். கால் எதன்மேலோ பட்டது. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“மொதலாளி, கம்ப்யூட்டருக்கு எங்க பொட்டு வச்சீங்க?”

“தோ, நட்ட நடுவுல வச்சிருக்கேனே, தெரியல?”

“அது டிவி மாதிரி. உள்ள இருக்கறத காட்டும், அவ்ளோதான். கம்ப்யூட்டரு கீழ கீது. வந்து பாருங்க.”

அப்பாவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மேசைக்கு அடியில் கறுப்புப் பெட்டி ஒன்று தூசியும் ஒட்டடையுமாக நின்றது. அதில் ஒரு சொட்டுச் சந்தனம் இல்லை.

“இது ஸ்டெபிலைசர் இல்லியா?”

“இதுதான் சார் கம்ப்யூட்டரு” என்றார் ஆசீர்வாதம்.

“பதினாறு வருசமா நீங்க டிவிக்குத்தான் பூஜை போட்டுக்கினு இருக்கீங்க” என்றாள் சாராள்.

அப்பாவு குனிந்தபடியே பெட்டியின் ஒட்டடையைத் துண்டால் தட்டினார். பிறகு மெல்ல எழுந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். விட்டுப்போன பெட்டிக்கும் பொட்டு வைத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“வைங்க மொதலாளி, நான் வேணான்னு சொல்லல” என்றாள் சாராள். “அதுக்கு முன்னாடி ஒன்னு மட்டும் கேட்டுக்குங்க. அன்னிக்கி அந்த கம்பெனி கேட்டாண்ட மழைல நின்னேன். உள்ள அவரு டீ குடிச்சிக்கினு இருந்தாரு. எனக்கு டீ வேணாம். நான் போட்ட எடைக்கு நான் பதில் சொல்லணும். அதுக்கு என் பேரு அதுல வரணும். அவ்ளோதான் நான் கேக்கறது.”

கிண்ணம் அப்பாவுவின் கையில் இருந்தது. மோதிர விரல் சந்தனத்தில் இருந்தது.

“எவ்ளோ நேரம் ஆவும்ப்பா?” என்று ஆசீர்வாதத்திடம் கேட்டார்.

“அஞ்சு மணி நேரம் சார்.”

“நாஷ்டா துன்னியா?”

“இன்னும் இல்ல சார்.”

“துன்னுட்டு ஆரம்பி. இதுக்கு சாயந்தரம் வச்சிக்கலாம்.” கிண்ணத்தை ஜன்னல் திண்டில் வைத்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

 விசைப்பலகைக்கும் திரைக்கும் பொட்டு வைத்தாயிற்றே, எதை வைத்து வேலை செய்தார் என்று கேட்கிற வாசகர் கட்டாயம் இருப்பார். அவருக்காக ஆசீர்வாதத்தின் வண்டியில் ஒரு பழைய திரையையும் பையில் ஒரு விசைப்பலகையையும் வைத்தேன்.

6

இனி முடிவு. கையில் மூன்று இருக்கின்றன.

ஒன்றில் பழைய பதிவெல்லாம் அழிந்துபோகிறது, லாரிகள் சாலைவரை நிற்கின்றன, அப்பாவு ‘அப்பவே சொன்னேன்’ என்கிறார். யதார்த்தமாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்த மனிதருக்கு அப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றில் தொழிற்சாலை அதிகாரி எழுந்து நின்று ‘வாங்க மேடம்’ என்கிறார். சும்மா ஆசைக்கு எழுதினேன்.

மூன்றாவதில் மதியம் இரண்டரை மணி. எல்லாம் ஏறிவிட்டது. பழைய பதிவுகளும் பத்திரமாக வந்துவிட்டன. ஆசீர்வாதம் குரலைத் தாழ்த்தி, “அக்கா, ஒரே ஒரு கமாண்டுதான். பழைய சீட்டு எல்லாத்துலயும் சுப்பிரமணி போயி உன் பேரு வந்துடும். போடட்டா?” என்கிறார்.

சாராள் யோசிக்கிறாள். ஆசை இல்லாமல் இல்லை.

“எட்டு மாசம் அவரு பாத்தது நெசந்தானே. வுட்டுடு தம்பி. இனிமே வர்றதுல வந்தா போதும்.”

ஆசீர்வாதம் நகர்ந்து இடம் கொடுக்கிறார். திரையில் ஒரே ஒரு கட்டம். ‘இயக்குபவர் பெயர்’. சாராள் விசைப்பலகையில் கை வைக்கிறாள். அப்பாவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் வருகிறார். அவள் முதல் எழுத்தைத்—

என்னால் தட்ட முடியவில்லை.

சாராள் என்பது நான் வைத்த பெயர். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்கு வெளியே நான் கேட்டது, “நீங்களா சுப்பிரமணி?” என்று மட்டும்தான். இல்லையென்றால் உங்கள் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குக் கதை கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் கிளம்பிவிட்டேன். தொழிற்சாலை வாசலில் இருந்த அதிகாரியைப் பற்றி இவ்வளவு எழுதினேனே, அவர் கேட்டதும் ‘நீ சுப்பிரமணியா?’ என்றுதான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. இத்தனை பக்கம் எழுதி, கடைசிக் கட்டத்தில் கை வைத்தபோதுதான் அது உறைத்தது. எனக்கு அவமானமாக இருக்கிறது.

நான் வைத்த பெயரைப் போட்டு இதை முடித்தால் நானும் இன்னொரு பழைய மென்பொருள்தான். அதனால் முடிக்கவில்லை. நீங்கள் எப்போதாவது கும்மிடிப்பூண்டி பக்கம் போனால் அந்த ஜன்னலில் நின்று அவரிடம் கேளுங்கள். பின்னால் லாரி நின்றால் நிற்கட்டும். கேட்டுவந்து இங்கே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இயக்குபவர்: ........................