எதிர்க்கடைக்குப் போன பியட் கார்

மாசாணியம்மன் அறிய, நான் சொல்லப்போவது அத்தனையும் நடந்தது. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் ஆனைமலைக்குப் போய் என் பேரைச் சொல்லி அவளுக்கு மிளகாய் அரைத்துச் சாபம் விட்டுவிடுங்கள். தடுக்க மாட்டேன்.

எனக்குப் பொள்ளாச்சியில், உடுமலை ரோட்டில் வாட்டர் சர்வீஸ். கார்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் துடைத்துக் கொடுப்பேன். எதிரே ஒரு தென்னந்தோப்பு இருந்தது. ஒரு நாள் காலையில் தோப்பு பின்னால் நகர்ந்து நின்றுகொண்டது. முன்னால் கிடைத்த இடத்தில் ஒரு கடை வந்துவிட்டது. கண்ணாடிச் சுவர். 'புதுசு கார் டீடெய்லிங்' என்று பலகை. கார் கழுவுவதற்குத்தான் அந்தப் பேர். முதலாளி பெயர் தண்டபாணி. இளவயது. மரியாதை தெரிந்தவன். அதுதான் கெடுதல். மரியாதை தெரியாத போட்டிக்காரன் என்றால் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

முதலில் மழையில் ஆரம்பித்தது. என் கடையில் கழுவிய கார் ரோட்டில் ஏறியதும் அதன்மேல் மட்டும் பெய்யும். சேற்று மழை. பக்கத்தில் போகிற மொபெட் நனையாது. போய்க் கேட்டேன்.

"தம்பி, இந்த மழை உங்களுதா?"

"ஆமாங்ணா."

"நிறுத்தக் கூடாதா?"

"வெவசாயத்துக்கு நல்லதுங்ணா."

அதை மறுக்க முடியாது. திரும்பி வந்துவிட்டேன்.

கொப்பரை மண்டி சென்னியப்பன் என் பழைய வாடிக்கை. அவரும் ஒரு நாள் காரை எதிர்க்கடையில் விட்டார். சாயங்காலம் கார் வெளியே வந்தது. சீட்டுகளில் பிளாஸ்டிக் உறை. முன்மூடியில் ஈரம் காயாத சந்தனம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஓடிய கிலோமீட்டர் பூஜ்யம். சென்னியப்பனுக்குத் தலை கறுத்திருந்தது. நெஞ்சில் ஆபரேஷன் செய்த தழும்பு இல்லை. சட்டையைத் திறந்து ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அவர் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் ஒருவர் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க?" என்றார் சென்னியப்பன்.

"மாமா, நானு உங்க மாப்பிள்ளைங்."

"என்ற புள்ளைக்கு இன்னும் ஜாதகமே எடுக்கலீங்களே."

ரசத்தைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். மகளும் கூட வந்தாள். அவள்தான் கேட்டைப் பூட்டினாள்.

அந்த மாப்பிள்ளை பெயர் பூபதி. போக இடமில்லாமல் என்னிடம் வந்தார். அன்றிலிருந்து என் கடையில் கார் துடைக்கிறார். எம்.காம். படித்தவர். ஜன்னல் கண்ணாடியை மட்டும் நன்றாகத் துடைப்பார்.

மறுபடியும் தண்டபாணியிடம் போனேன். "இது அடுக்குமா தம்பி?" என்று கேட்டேன்.

"வண்டி எடுத்ததுக்கப்புறம் வந்து சேந்ததெல்லாம் அழுக்குதானுங்ணா. நாங்க அழுக்கு மட்டுந்தான் எடுக்கறோம்."

ஊர் பயந்துவிடும் என்று நினைத்தேன். வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது. வட்டி, மூட்டுவலி, மச்சினன் என்று ஆளுக்கு ஏதோ ஒன்று வண்டிக்கு அப்புறம்தான் வந்திருந்தது. என் கடையில் கார் ஏறுகிற மேடையில் ஒரு ஆடு ஏறிப் படுத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரி மயிலாத்தாளுக்கு அந்த ஆட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஏனுங், அவங்க என்னத்தப் போட்டுக் கழுவறாங்கன்னு நான் போயிப் பாத்துட்டு வந்தர்றேன்."

"எந்த வண்டீல போவே?"

"நம்ம பியட்டுலதான். வேறெந்த வண்டி நிக்குது? ஆட்டுலயா போவோணும்?"

பியட்டை நான் ஆவணியில் வாங்கினேன். மயிலாத்தாளை அதற்கடுத்த தையில் கட்டினேன்.

"அம்மிணி, அந்த வண்டிக்கு அப்புறமாத்தான் நீ வந்தே."

"அதுக்கென்னங்?"

"அவன் கணக்குல நீயும் அழுக்கு."

"இத்தன வருசம் சோறாக்கிப் போட்டவ அழுக்குங்களா? இருங்க, வந்து பேசிக்கறேன்."

"போவாத புள்ள."

"வெளிய மட்டும் கழுவச் சொல்றனுங். நான் கண்ணாடிய ஏத்திட்டு உள்ள உக்காந்துக்குவேன். என்றமேல தண்ணி பட்டாத்தான?"

விளக்கெண்ணெய் வைத்துப் பின்னிய தலையைச் சீட்டில் சாய்த்து உட்கார்ந்தாள். என்னைவிட நன்றாக ஓட்டுவாள். பூபதி ஜன்னலைத் துடைத்துவிட்டார். வண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.

நான் பின்னாலேயே ரோட்டைக் கடந்தேன். ரோடு அகலமாகிக்கொண்டே போனது. நடுவில் ஒரு பேக்கரி இருந்தது. களைப்புக்கு ஒரு டீ குடித்தேன்.

"தண்டபாணி கடைக்குங்களா?" என்றார் பேக்கரிக்காரர். "இன்னும் பாதி இருக்குதுங்."

திரும்பிப் பார்த்தேன். என் கடை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. ஆடு தெரியவில்லை. மிச்ச ரோட்டை ஓடியே கடந்தேன்.

"வாங்ணா. ஏசீல உக்காருங்ணா," என்றான் தண்டபாணி.

"என்ற சம்சாரம் எங்கே?"

"வண்டீலதானுங் இருக்காங்க. அக்கா வெளிக்கழுவு மட்டுந்தான் கேட்டாங்க. இன்னைக்குச் சலுகைங்ணா. உள்பக்கமும் சேத்தே பண்றோம்."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பியட் நின்றது. கூரைவரைக்கும் நுரை. ஜன்னல் கொஞ்சம் இறங்கியது. நுரைக்குள்ளிருந்து மயிலாத்தாள் முகத்தை நீட்டினாள்.

"ஏனுங்! ஒரு மந்திரமும் இல்லீங்! நம்ம சோப்புத்தூளுதான்! அதே பாக்கெட்டு!"

முகமெல்லாம் வெற்றி. கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இறங்கிய ஜன்னல் வழியாக நுரை உள்ளே போயிற்று.

"தம்பி, நிறுத்து."

"நிறுத்தலாங்ணா. பாதீல நிறுத்துனா அக்கா பாதி இருப்பாங்க. எந்தப் பாதின்னு நம்ம கையில இல்லீங்."

யோசித்தேன். அவளுடைய கோபம் மட்டும் மிஞ்சினால்கூடப் போதும், வீடு நிறைந்துவிடும். பேச்சு மிஞ்சினால் இன்னும் நல்லது. ஆனால் முழங்கால் வலி மட்டும் மிஞ்சிவிட்டால், அது யாரைக் கூப்பிட்டுத் தைலம் தேய்க்கச் சொல்லும்?

எந்தப் பாதியானாலும் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நுரை வழிந்து முடிந்திருந்தது.

கார் பளபளவென்று நின்றது. முன் சீட்டில் பிளாஸ்டிக் உறை. மடிப்புக் கலையாமல் இருந்தது. கதவுக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கும் தலை கறுத்திருந்தது. யாரோ மீசையைத் திருத்தியிருந்தார்கள்.

தண்டபாணி சாவியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தான்.

"புது வண்டிங்ணா. சந்தோசமா ஓட்டுங்க. பொண்ணு பாத்தாச்சுங்களா?"

சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். திரும்பும்போது ரோடு ரோடாகவே இருந்தது. சட்டென்று வந்துவிட்டேன். பூபதி துணியோடு வந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் பியட்டை நான் கழுவுவதில்லை. பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்துப் போட்டேன். காக்கை அடையும் புளியமரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். ஜன்னல்களைத் திறந்தே வைக்கிறேன். கொப்பரை லாரி போனால் புழுதி உள்ளே வரும். வராத நாட்களில் நானே கைநிறைய அள்ளிப் போடுகிறேன்.

"சர்வீஸ்காரரு வண்டியே இப்படிங்களா?" என்று கேட்கிறார்கள்.

"சேரட்டுமுங்," என்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை முன் சீட்டில், தலை சாய்கிற இடத்தில், விளக்கெண்ணெய்க் கறை ஒன்று லேசாகப் படிந்திருந்தது. நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. பூபதியும் வைப்பதில்லை. அந்தப் பக்கம் யாரும் துணியைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.