கட்டிலில் வைக்காத தொப்பி

கட்டிலில் தொப்பியை வைத்தால் அந்தக் கட்டிலில் சாவு விழும் என்பது காளைச் சவாரிக்காரர்களான எங்கள் நம்பிக்கை. அதனால் டல்சா ஆஸ்பத்திரியில், சாகக் கிடந்த வெண்டலின் பக்கத்தில் ஒன்பது நாளும் என் தொப்பியை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

காளைச் சவாரி இறுதிப் போட்டி ஓக்லஹோமா சிட்டியில் நடந்துவந்த காலத்தில், ஒரு வருடம் அவன் உலக சாம்பியன், நான் இரண்டாவது. அன்று ஜெயித்த தங்க பக்கிள் வைத்த பெல்ட்டை, ஆஸ்பத்திரி அங்கியின் மேலேயே கட்டியிருந்தான்.

"போட்டி லாஸ் வேகஸுக்கு மாறினதும் நான்தான் ஜெயிப்பேன்னு சொன்னியே, என்னடா ஆச்சு?" என்று கேட்டான்.

"அந்த ஊர்க் காளைங்களுக்கு என்னைப் பிடிக்கல."

"எந்த ஊர்க் காளைக்குடா உன்னைப் பிடிச்சிருக்கு?" சிரித்ததில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. "எத்தனை நாளா மடியில வச்சுட்டு இருப்ப? தொப்பியை இப்படிக் கட்டில்ல வையேன்."

"மாட்டேன்."

"போடா, பயந்தாங்கொள்ளி."

மறுநாள் மத்தியானம் நர்ஸ் அவன் முகத்தை மூடினாள். அவ்வளவு காவல் காத்தும், சாவு முந்திக்கொண்டது. இதிலும் எனக்கு இரண்டாவது இடம்தான்.

என் தொப்பியைக் கட்டிலில், அவன் பக்கிளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.