வெயில் படாத தண்டவாளம்

ரயிலைப் பார்த்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தண்டவாளம் பராமரிக்கிறவளுக்கு ரயில் என்ன அதிசயம், ரொட்டி சுடுகிறவனுக்கு ரொட்டி அதிசயமா என்று எங்கள் வேலைக் கூட்டத்தில் கேட்பார்கள். நான் கட்டிக்கொண்டவர் ரொட்டி சுடுகிறவர்தான். அவருக்கு ரொட்டி அதிசயமில்லை, தூக்கம்தான் அதிசயம். ஆனால் நான் அப்படி இல்லை. வண்டி வருகிறது என்று விசில் கேட்டதும் ஜல்லி மேல் ஒதுங்கி நிற்போம். முதலில் தண்டவாளம் முனகும். பிறகு காலடியில் மண் அதிரும். அப்புறம் அது வந்துவிடும், அவ்வளவு இரும்பும் அவ்வளவு வெளிச்சமும், ஜன்னல் ஜன்னலாக அத்தனை மனிதர்களும். போன பிறகும் கொஞ்ச நேரம் எனக்கு வாய் மூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் அழுதே விட்டேன். பயத்தில் இல்லை, இப்படி ஒன்றை மனிதர்கள் செய்து ஓட்டுகிறார்களே என்றுதான்.

இப்படி வாயைப் பிளக்கிறவள் வீட்டுக்கே ஒரு ரயில் வந்து சேர்ந்தது. பொம்மை ரயில். என் கணவரின் மூத்த தாரத்து மகளோடு, ஒரு தகரப் பெட்டிக்குள் வந்தது.

அவர் மகளை நாங்கள் பொடிசு என்போம். எட்டு வயது. அவள் அம்மா இறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து பொடிசு என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அவங்க சாப்பிட்டாங்களா கேளுங்கப்பா என்று அப்பாவிடம் சொல்லுவாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், குரலும் பெரிசு. இரும்புச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, வீட்டுக்குள் வந்ததும் சுருங்கி விடுமா? உப்பு எங்கே என்று கேட்டாலே சண்டைக்கு வருவது போல் இருக்குமாம்.

அவள் அம்மாவின் அக்கா, அதாவது பொடிசின் பெரியம்மா, நல்ல மனுஷி. பிள்ளையை நானே வளர்க்கிறேனே என்று கேட்டிருந்தார். பொடிசும் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸ் அன்று மதியம் வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. அவ இஷ்டம்தான் என்று ரொட்டிக்காரர் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் குறுக்கே என்ன சொல்ல முடியும்? ஆனால் ஒரு மழை நாளில் நான் நனைந்த பூட்ஸை வாசலில் கழற்றி எறிந்துவிட்டுத் தூங்கப் போனேன். எழுந்து பார்த்தால் அவை அடுப்போரம், நாக்கை வெளியே இழுத்துவிட்டு, உள்ளே பழைய பேப்பர் திணித்துக் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அன்றைக்குக் கடையில் இருந்தார். வீட்டில் இருந்தது பொடிசு மட்டும். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எனக்கு லீவு. சாயங்காலம் கூடத்துக்கு வந்தால், கிறிஸ்துமஸ் மரத்தடியில் பொடிசு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிளாஸ்டிக் மரம், ஒரு பக்கம் கிளை மடங்கியது. அதைச் சுற்றி வளைந்த குட்டித் தண்டவாளங்கள் தாறுமாறாகக் கிடந்தன. வருஷா வருஷம் அவள் அம்மாதான் இந்த ரயிலை மரத்தைச் சுற்றி மாட்டுவாராம். அவர் போன பிறகு யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. ரொட்டிக்காரர் ஒரு ஆணி அடித்தால் விரலுக்குக் கட்டுப் போட ஆள் வேண்டும், அவரைச் சொல்லிப் பயனில்லை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பொடிசு ஆசைப்பட்டிருக்கிறாள். முடியவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தண்டவாளம் போடறதுதான் எனக்குச் சோறு போடற வேலை, நான் போடட்டுமா என்று முடிந்தவரை மெதுவாகக் கேட்டேன். அவள் பெட்டியை ஒரு சாண் என் பக்கம் தள்ளினாள். அது போதும் எனக்கு.

சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகப் போட்டேன். மரத்தடித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டேன். மேடு பள்ளம் பார்க்கத் தரையில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பொடிசு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் பேசாததால் நானே பேசிக்கொண்டு போனேன். எங்கள் வேலையில் எல்லோரும் குனிந்துதான் வேலை செய்ய வேண்டும், குனிந்த தலைக்கு வண்டி தெரியாது, சுத்தியல் சத்தத்தில் காதும் கேட்காது, அதனால் ஒருத்தர் மட்டும் வேலையைத் தொடாமல் விசிலும் கொடியுமாகத் தள்ளி நிற்பார் என்று சொன்னேன். அவர் வாயைத் திறந்து, "குனிங்க, நான் நிக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் ஒருத்தரும் குனிய மாட்டோம். குனிந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்கிற வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மேலதிகாரியே வந்து கூப்பிட்டாலும் போகக் கூடாது.

பொடிசு கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. தகரப் பெட்டியிலிருந்து ரயில் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுற்று முடிந்தது. இன்ஜினை வைத்து, நாலு பெட்டியைக் கோத்து, வேகக் குமிழைத் திருப்பினேன். அசையவில்லை. இன்னும் திருப்பினேன். இன்ஜின் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி மாட்டினேன். சக்கரத்தில் சிக்கிய நூலை எடுத்தேன். குமிழைக் கடைசி வரை திருகினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து அந்தக் குமிழை நாலு வார்த்தை திட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து வந்த ரொட்டிக்காரர், பழைய மோட்டார், உயிர் போயிருக்கும், விடு என்றார். சொல்லிவிட்டுத்தான் மகள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகமும் செத்துவிட்டது. பொடிசு எழுந்து தன் அறைக்குப் போனாள். பை ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது.

நாளைக்குப் போகிற பிள்ளையை இன்றைக்கே அனுப்பிவிட்டேனே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பொடிசு திரும்பி வந்தாள். ரயிலைப் பெட்டியில் வைத்துக் கட்டத்தான் வந்திருக்க வேண்டும். முதல் தண்டவாளத்தைக் கையில் எடுக்கப் போனவள் நின்றாள். குனிந்து பார்த்தாள். பிறகு என்னிடம், நேராக என்னிடம், பேசினாள்.

"இங்க ஏன் இடைவெளி விட்டிருக்கீங்க?"

இதென்ன கேள்வி என்று எனக்குத் தோன்றியது. தண்டவாளம் என்றால் மூட்டுக்கு மூட்டு இடைவெளி விடத்தான் வேண்டும். இரும்பு வெயிலில் நீளும், நீள இடமில்லை என்றால் பாம்பு மாதிரி நெளிந்து வண்டியைக் கவிழ்த்துவிடும். அதனால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு வாழ்த்து அட்டையின் கனத்துக்கு இடம் விட்டு, துண்டுகளைச் சேர்க்கிற ஊசிகளைப் பாதி மட்டும் செருகியிருந்தேன். அளவு தப்பாமல், சுற்று முழுக்க. பெருமையாக அவளுக்கு விளக்கினேன்.

பொடிசு பொறுமையாகக் கேட்டாள்.

"இந்தத் தண்டவாளத்துக்குத்தான் வெயிலே படாதே. க்ளிக்னு சத்தம் வர வரைக்கும் தள்ளணும். அம்மா அப்படித்தான் செய்வாங்க. இல்லன்னா கரண்டு எப்படிப் போகும்?"

அட, என் புத்தியே! வருஷக்கணக்கில் தண்டவாளமே கதி என்று கிடந்தவள், பொம்மை ரயிலுக்குத் தண்டவாளத்தில்தான் கரண்டு வரும் என்பதை மறந்துவிட்டேன். ரொட்டிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை அவருக்கு இன்னொரு நாள் திருப்பிக் கொடுப்பேன். பொடிசின் வாயோரமும் லேசாகக் கோணியது. அதைப் பார்க்க இன்னும் பத்துத் தப்பு செய்யலாம் போல் இருந்தது.

அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மூட்டுகளை இறுக்கிக்கொண்டு போனோம். க்ளிக், க்ளிக். மரத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டிய மூட்டுக்கு என் கைதான் எட்டும். கிளைகளுக்கு அடியில் தலையை விட்டு அதை அழுத்தினேன். குமிழைக் கடைசி வரை திருகி வைத்தது யாருக்கு ஞாபகம்? அந்தக் க்ளிக் கேட்டதும் இன்ஜின் பாய்ந்து வந்து என் காதில் மோதிக் கவிழ்ந்தது. உயிர் போகவில்லை அதற்கு. எனக்குத்தான் கொஞ்சம் போய் வந்தது.

வலியில் கத்திக்கொண்டே வெளியே வந்தேன். பொடிசு குமிழைத் திருப்பி நிறுத்திவிட்டிருந்தாள். கவிழ்ந்த பெட்டிகளைத் தூக்கி வைத்தோம். அப்புறம் அவள் அதிகாரம்தான். கூடத்து விளக்கை அணைக்கச் சொன்னாள். மரத்து விளக்குகள் மட்டும் எரிய வேண்டுமாம். என்னைத் தரையில் படுக்கச் சொன்னாள். கன்னத்தைத் தரையில் வைத்து, அப்போது பார்த்தேனே, அதே மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டுமாம். அம்மாவும் இப்படித்தான் படுப்பாங்க என்றாள். என் பக்கத்திலேயே அவளும் படுத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக் குமிழைத் திருப்பினாள்.

முதலில் தரை முனகியது. என் கன்னத்தில் அது தெரிந்தது. நிஜத் தண்டவாளம் முனகுகிற அதே முனகல், தூரத்திலிருந்து வருகிற மாதிரி. மரத்துக்குப் பின்னால் இருட்டில் ஒரு வெளிச்சம் நகர்ந்தது. கிளைகளில் தொங்கிய கண்ணாடி உருண்டைகளில் அந்த வெளிச்சம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. பிறகு வளைவைத் திரும்பி ரயில் வந்தது. அம்மாடி! தரையோடு கிடந்து பார்த்தால் அது பொம்மையே இல்லை. மலை மாதிரி வந்தது. மரம் காடாகிவிட்டது, சுவர் வானமாகிவிட்டது. மஞ்சள் ஜன்னல்கள் ஒன்றன் பின் ஒன்றாக என் கண்ணுக்கு நேராகக் கடந்து போயின. என் ஆயுசில் எத்தனையோ வண்டிகளுக்கு ஒதுங்கி வழி விட்டிருக்கிறேன். ஒதுங்காமல், முகத்துக்கு முகம் ஒரு ரயிலைப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை ஒரு பெண் வருஷா வருஷம் தன் பிள்ளைக்குப் படுத்துக் காட்டியிருக்கிறாள். அவளை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

அழறீங்களா என்று பொடிசு கேட்டாள். ஆமாம் என்றேன். ரயிலுக்கா என்று கேட்டாள். ரயிலுக்குத்தான் என்றேன், அதுவும் உண்மைதான். அவள் என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து படுத்தாள்.

மறுநாள் காலையிலிருந்து ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. சுவரை ஒட்டிய அந்த ஒரு மூட்டு மட்டும் அவ்வப்போது நழுவும், வண்டி திணறி நிற்கும். நான் போய் அழுத்துவேன். மதியம் நெருங்க நெருங்க எனக்குக் கை ஓடவில்லை. பொடிசின் பை கதவோரம் இருந்தது. அதைப் பார்க்காமல் நடமாடப் பார்த்தேன், முடியவில்லை.

மறுபடி மூட்டு நழுவியது. நான் மரத்தடிக்குப் போனேன். நேற்று காதில் பட்ட அடி ஞாபகம் வர, குமிழைத் திரும்பிப் பார்த்தேன். பொடிசு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, காலை அகட்டி நின்றிருந்தாள்.

"குனிங்க, நான் நிக்கறேன்," என்றாள்.

வேலை இடத்தில் தினமும் கேட்கிற வார்த்தைதான். வீட்டுக்குள் அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கிளைகளுக்கு அடியில் தலையை விட்டேன்.

அழைப்பு மணி அடித்தது. ரொட்டிக்காரர் கதவைத் திறந்தார். நான் கிடந்த இடத்திலிருந்து கால்கள் மட்டும்தான் தெரிந்தன. பெரியம்மாவின் பழுப்பு ஷூக்கள் வந்தன. பையைத் தாண்டி வந்து கூடத்தின் நடுவில் நின்றன. கிளம்பலாமா கண்ணு, கீழ வண்டி நிக்குது என்று பெரியம்மா அன்பாகக் கேட்டார். மூட்டு அதற்குள் க்ளிக் என்று சேர்ந்துவிட்டது. என் கை அதன் மேலேயே இருந்தது.

பொடிசின் வெறும் பாதங்கள் குமிழுக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலேயே இருந்தன.

"நான் வர முடியாது பெரியம்மா," என்றாள். "சித்தி குனிஞ்சிருக்காங்க."

நான் நிமிரவே இல்லை.