செம்முகில் கண்ட பெரியாயி

தப்புப் பறையின் பேரொலி தெமோதரை மலைச்சரிவை அதிர வைத்தது. ஞாயிறு மேற்கு முகடுகளுக்குப் பின்னே மறைந்து, தேயிலையின் பசுமை மெல்லக் கருமையோடு கலந்து, பள்ளத்தாக்கின் அடியில் பனி பாலெனத் தேங்கி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களின் கூரைகள்தோறும் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்த அந்தத் தை மாத அந்தியில், மண்சரிவை எச்சரிக்க அடிக்கும் அடியைப் போலவே அது முழங்கியதால், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டு எல்லோரும் வெளியே ஓடினர்.

பெரியாயியும் ஓடினாள். படி எங்கே முடிகிறதென்று தெரியாமல் வெறும் காற்றில் காலை வைத்தவளை, பின்னால் வந்த கணவன் கிருஷ்ணராஜ் முழங்கையில் பற்றி நிறுத்தினான்.

“ஓடாதீங்க, ஓடாதீங்க! டீச்சரு டெலஸ்கோப்பு கொண்டாந்திருக்காங்க!” என்று தப்படித்த கணபதி கூவினான்.

“அடப்பாவி, அதுக்கு இந்த அடியா அடிப்ப? அங்க எஞ் சோறு தீயுது!” என்று ஒருத்தி திட்ட, அச்சம் சிரிப்பாய்க் கரைந்தது.

பெரியாயிக்கு மட்டும் அச்சம் கரையவில்லை. ஓராண்டாகவே அவளுடைய இரு விழிகளிலும் வெண்புகை போன்றதொரு திரை படர்ந்து, நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு வந்தது. முப்பதாண்டு கொழுந்து பறித்த விரல்கள் இளந்தளிரையும் முற்றிய இலையையும் தொட்டே பிரித்தறிந்ததால், மலையில் எவரும் ஐயுறவில்லை. தெரிந்துவிட்டால் கொழுந்து பறிப்பிலிருந்து நிறுத்தி, மலையை விட்டு இறக்கிவிடுவார்கள். தோழியரின் பேச்சும் கேலியும் இல்லாமல் வீட்டு மூலையில் குந்தியிருக்க நேரும். அதை எண்ணி எண்ணியே, கட்டியவனிடமும் அவள் வாய் திறந்ததில்லை.

இருள் முதிர்ந்ததும், பள்ளித் திடலில் கூடியவர்கள் முன் அறிவியல் ஆசிரியை சுதர்ஷினி பெரிய ஒளிப்படம் ஒன்றை விரித்துக் காட்டி, வேட்டைக்காரன் என்னும் விண்மீன் கூட்டத்தில் மிதக்கும் முகிலைப் பற்றிச் சொன்னாள். “செம்பருத்திப் பூ மாதிரி செவந்திருக்கில்ல? இது வெறும் வாயு. பக்கத்துல இருக்கிற சூடான நட்சத்திரங்கதான் இத ஒளிர வைக்குது.”

வரிசையின் கடைசியில் நின்று, முன்னே பார்ப்பவர்கள் சொல்வதைக் கேட்டு அப்படியே சொல்லிவிடலாம் என்று பெரியாயி ஒதுங்கினாள். ஆசிரியையோ விடவில்லை.

“பெரியாயி அக்கா, மலையில எல்லாருக்கும் முன்னுக்குப் போறவங்க நீங்கதானே! மொதல்ல நீங்க வாங்க.”

தோழியர் கைதட்டித் தள்ளிவிட, அவள் குனிந்து தொலைநோக்கியில் கண்ணைப் பொருத்தினாள். மூடுபனிக்குள் மலைப்பாதை மறைவதுபோல் எங்கும் ஒரே மங்கல். விண்மீனும் இல்லை, முகிலும் இல்லை.

“என்னக்கா தெரியுது?”

“செம்பருத்தி கணக்கா செவப்பா இருக்குங்க டீச்சர். என்னா அழகு!”

சுதர்ஷினி தயங்கினாள். “செவப்பாவா? படத்துலதான் அக்கா அந்த நிறம். கேமரா ரொம்ப நேரம் வெளிச்சத்தச் சேத்துச் சேத்து எடுக்கும். நம்ம கண்ணுக்குச் சாம்பலாத்தானே தெரியும்...”

தன்மேல் திரும்பிய முகங்களைக் காண இயலாவிட்டாலும், அவற்றின் சுமையைப் பெரியாயி உணர்ந்தாள். கட்டிக் காத்த மறைவெல்லாம் ஒரு சொல்லில் சரிந்து விழவிருந்தது. அப்போது கிருஷ்ணராஜ் அவளை மெல்ல விலக்கிக் குனிந்து, நெடுநேரம் பார்த்து, தொண்டையைச் செருமினான். பொய் சொல்லும் முன் அவன் அப்படித்தான் செருமுவான்.

“ஆமாங்க டீச்சர், எனக்கும் செவப்பாத்தான் தெரியுது.”

“பாத்தியா, புருசன் பொண்டாட்டிக்கு மட்டும் தனி வானம்!” என்று கணபதி கத்த, திடலே வெடித்துச் சிரித்தது; அந்தச் சிரிப்பின் மறைவில் அவள் தப்பினாள்.

வீடு திரும்பும் சரிவில், கிருஷ்ணராஜ் அவளுக்கு அரையடி முன்னே நடந்தான். அன்பு சில வேளைகளில் அறிந்ததையும் அறியாததுபோல் காட்டிக்கொண்டு, அறிவிக்கும் பொழுதுக்காகப் பொறுமையோடு காத்திருக்கும். பாதை இறங்கும் இடத்தில் அவளது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, கிருஷ்ணராஜ் தாழ்ந்த குரலில் சொன்னான்:

“பதுளை ஆஸ்பத்திரியில உனக்குக் கண்ணு காட்ட நம்பர் எடுத்து வச்சு மூணு வாரமாச்சு புள்ள, நீயா சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”