பூஜ்யத்துக்குக் கீழே ஒரு கிணறு

தண்ணீரோடு பேசும் பழக்கம் எப்போது தொற்றியது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடம் குப்பியும் கையுமாக இருந்தால் யாருக்கும் ஒரு மரை கழன்றுதான் போகும். பிற்பகலில் கருவி மெல்ல முனகிக்கொண்டு ஓடும். கண் பாதி சொருகிய நிலையில், மண்ணுக்கடியில் தண்ணீர் நடந்து போவது அவளுக்குத் தெரியும். அவசரமே இல்லாத நடை, நாளொன்றுக்கு ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு. "எங்கேருந்து வர்றே?" என்று கேட்பாள். அது வாயைத் திறக்காது, ஆனால் எதையாவது சுமந்துகொண்டு வரும். அலுவலகத்தில் 'தண்ணியம்மா' என்று பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தத் தடவை அந்தக் கேள்வியைக் கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஊர்க் கிணறுகளிலும் ஆற்றிலும், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் இறங்குகிற நைட்ரேட் உப்பு எகிறிக் கிடந்தது. பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்குப் பாலில் கலந்து கொடுத்தால் உதடு நீலம் பாரித்துவிடும். யார் காரணம் என்று ஊர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. ஆற்றங்கரையில் நாற்பது மாடு வைத்திருப்பவள் ஒருத்திதானே! அந்த ஒருத்தி தண்ணியம்மாவின் அக்கா. வெள்ளிக்கிழமைக்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் மாட்டுக்கொட்டகைக்குப் பூட்டு.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனாள். ஆற்றிலிருந்து கிளம்பிய பனி மாடுகளின் கால்களை மறைத்திருந்ததால் நாற்பதும் காற்றில் மிதப்பதுபோல் நின்றன. வாசலில் ஒரு பூசணிக்கொடி கூரையைத் தாண்டி ஏறியிருந்தது. ஒவ்வொரு இலையும் முறத்தளவு, கரும்பச்சை. போன மாதம் இது இங்கே இருந்ததா என்று யோசித்துக்கொண்டே குப்பியை மூன்று முறை அலசினாள்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. கூடப்பொறந்தவ கழுத்தறுக்கக் கத்தியா வேணும்? குப்பி போதுமே" என்றாள் அக்கா, முகத்தைத் திருப்பாமல்.

"நான் என்ன செய்யட்டும்க்கா? என் வேலை அது. குட்டிம்மா எப்படி இருக்கா? தண்ணி கேன் வந்துச்சா?"

"வந்துச்சு."

அக்காவின் பேத்திக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் போதாமல் பவுடர் பால். மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பேச்சு கிளம்பிய நாளிலிருந்து தண்ணியம்மாதான் ஒன்றுவிட்டு ஒரு நாள் தன் குடியிருப்புக் கிணற்றிலிருந்து இரண்டு கேன் அனுப்பி வைத்தாள். அலுவலகத்தை ஒட்டி மேட்டு மேல் இருக்கிற கிணறு, அலுவலர்கள் நாற்பது குடும்பம் குடிக்கிற தண்ணீர், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

முதல் முடிவு புதன்கிழமை வந்தது. மூட்டை உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டில் நைட்ரஜன் எடை குறைச்சல். உடம்புக்குள் போய்வந்த கழிவில் அது கொஞ்சம் கனம். எல்லாக் கிணற்றிலும் கனமாகத்தான் இருந்தது. வயல்காரர்கள் தப்பித்தார்கள். மிச்சம் அக்காவின் மாடுகள்தான். ஆனால் அது மாட்டின் உடம்பா, மனுஷ உடம்பா என்று எடை சொல்லாதே! அப்போதுதான் இனிப்பு மாத்திரை ஞாபகம் வந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் டீயில் போட்டுக்கொள்ளும் மாத்திரை உடம்பில் செரிக்காமல், செப்டிக் டேங்கிலும் அழியாமல், மண்ணுக்குள் அப்படியே நடந்து போகும். எந்த மாடும் மாத்திரை போட்டு டீ குடிப்பதில்லை.

புதுச் சோதனை என்றால் ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தண்ணீர் ஒன்று வேண்டும். அதைப் பூஜ்யமாக வைத்துக் கழிப்பார்கள். இருபது வருட வழக்கப்படி அவளும் குடியிருப்புக் கிணற்றுத் தண்ணீரையே வைத்தாள். அதை யாரும் சோதித்ததில்லை. எதற்குச் சோதிக்க வேண்டும்? நாம் குடிக்கிற தண்ணீராயிற்றே!

வியாழன் பிற்பகல் கருவி முனகியது. தண்ணியம்மா கன்னத்தில் கை வைத்தபடி மண்ணுக்குள் இறங்கிப் போனாள். அங்கே வெளிச்சம் பச்சையாக இருந்தது. தண்ணீர் ஊரைப் பார்த்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. "எங்கேருந்து வர்றே?" என்றாள். அது நின்று, திரும்பி, மேட்டைப் பார்த்தது. கருவி டிங் என்றதும் விழித்தாள். திரையில் ஊர்க் கிணறு, மைனஸ் நாலு. ஆற்றங்கரை, மைனஸ் ஏழு. அக்கா கிணறு, மைனஸ் ஒன்பது.

இல்லாததைவிடக் குறைவாக ஒரு பொருள் எப்படி இருக்கும்?

"மெஷின் மக்கர் பண்ணுதா?" என்று கேட்டபடி மேலதிகாரி டீயோடு வந்து நின்றார். சின்ன டப்பியைத் தட்டி ஒரு மாத்திரையை டீக்குள் போட்டார். அது நுரைத்துக் கரைவதைத் தண்ணியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நம்ம பூஜ்யம்தான் கெட்டுப்போச்சு. மாத்திரை நம்ம கிணத்துலதான் அதிகம், கீழே போகப் போகக் குறையுது."

தன் வீட்டுக்காரருக்குக் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று பன்னிரண்டு வருடமாக அவளே ஆசையாகப் போட்டுக் கலக்கிக் கொடுத்த டீ கண்முன் வந்தது. குடியிருப்பில் அடியில் சிமென்ட் பூசாத செப்டிக் டேங்க். அதிலிருந்து இருபதடியில் கிணறு. அடுத்த நொடி கேன் ஞாபகம் வந்தது. அவள் செருப்பைக்கூட மாட்டவில்லை.

மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரை எப்படி ஓடினாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. தெரு, பாலம், மாடுகள் எல்லாம் தண்ணீருக்கடியில் தெரிவதுபோல் ஆடின. அக்கா வீட்டுத் தொட்டிலைப் பிடித்துத்தான் நின்றாள். குழந்தை கொட்டாவி விட்டது. உதடு ரோஜா நிறத்தில் இருந்தது.

"அக்கா, நான் அனுப்பின தண்ணி... எத்தனை நாள் குடுத்தே?"

"ஒரு சொட்டு குடுக்கல" என்றாள் அக்கா விறைப்பாக. "ஊரே என்னைத் திட்டுது, நீ மேட்டுலேருந்து நல்ல தண்ணி பிச்சை போடறியா? எனக்கும் ரோஷம் இருக்கு. கடையில பாட்டில் வாங்கித்தான் குடுத்தேன். உன் தண்ணி மொத்தத்தையும் வாசல்ல ஊத்திட்டேன்."

தண்ணியம்மா கதவு வழியாகப் பார்த்தாள். கூரையை விழுங்கிக்கொண்டு பூசணிக்கொடி நின்றது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள்.

"இப்ப என்னத்துக்குடி அழறே? யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சுதா, இல்லையா?"

"தெரிஞ்சுதுக்கா. உன் மாடு இல்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாங்கதான். மேட்டுல நாற்பது வீடு. அறிக்கையில முதல்ல எங்க வீட்டு நம்பரைத்தான் எழுதப்போறேன்."

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் தங்கையின் பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் அவளைத் தொடுகிறாள்.

"கேனை மட்டும் நிறுத்திடாதே" என்றாள். "கொடி பாவம், பழகிடுச்சு."