வெப்மாஸ்டர் சுப்பராயனின் நாற்பத்து மூன்று அன்பர்கள்

படிவத்தின் பதினான்காவது கட்டத்தை நிரப்பத்தான் சுப்பராயனுக்கு இணையதளம் தேவைப்பட்டது. முதல் பதின்மூன்று கட்டங்களில் பெயர், விலாசம், மின் இணைப்பு எண் என்று மனிதன் எழுதக்கூடிய விஷயங்களாகக் கேட்டிருந்தார்கள். பதினான்காவதில் ‘வெப்சைட்’ என்று போட்டு நீளமாக ஒரு கோடு. கோட்டைக் காலியாக விட்டால் படிவம் செல்லாது என்று அடியில் பொடி எழுத்தில் மிரட்டலும் இருந்தது.

படிவம், சுங்குவார்சத்திரத்துப் பக்கம் புதிதாக வந்திருந்த செல்போன் கம்பெனியுடையது. சுப்பராயன் செய்வது பேலட். அதாவது பெட்டிகளை அடுக்கி லாரியில் ஏற்றுவதற்கான மரத்தட்டு. கண்டங்களை இணைக்கும் கைப்பேசியும் கடைசியில் நாலு பலகை, முப்பது ஆணி மேல் உட்கார்ந்துதான் கம்பெனி வாசலைத் தாண்ட வேண்டும். இந்த உண்மையை எந்தக் கம்பெனியும் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவதில்லை.

வல்லத்தில் நெல் விளைந்த இடத்தில் ஷெட் போட்டு ஆறு வருடம் ஓட்டியவர் சுப்பராயன். வாடிக்கையாக வாங்கிய கம்பெனி பிளாஸ்டிக் தட்டுக்கு மாறிவிட்டது. பதினொரு தச்சர்களில் இரண்டு பேர் மிச்சம். செல்போன் கம்பெனி சப்ளையராகப் பதிவு செய்துகொண்டால் ஷெட் பிழைக்கும். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான்.

கொள்முதல் பிரிவின் உதவி மேலாளர் நெல்லையப்பன் பாளையங்கோட்டைக்காரர். நல்ல மனிதர். ஆகவே அவரிடம் எந்த அதிகாரமும் இல்லை.

“என் கையில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கமிட்டின்னு ஒண்ணு இருக்கு. மாசக் கடைசில ஒவ்வொரு சப்ளையர் சைட்டையும் பெரிய திரையில போட்டுப் பாப்பாவ. சைட்டு இல்லாட்டா பேரையே எடுக்க மாட்டாவ, பாத்துக்கிடுங்க.”

“பலகைய பாக்க மாட்டாங்களா சார்?”

“பலகைய எதுக்குப் பாக்கணும்?” என்றார் நெல்லையப்பன், உண்மையிலேயே புரியாமல்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தும் மெர்சி, மூன்றே நாளில் தளம் கட்டிக் கொடுத்தாள். முகப்பில் சஃபாரி உடுப்போடு ஒரு காலைப் பேலட் மீது வைத்து, வேட்டையில் புலியைச் சாய்த்தவர் போல சுப்பராயன். பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் பூமி உருண்டை.

“இந்த உருண்டை எதுக்கும்மா?”

“எல்லா கம்பெனிலயும் வச்சிகீறாங்கண்ணா. சும்மா சுத்திகினு கெடக்கட்டும்.”

எட்டாம் நாள் முதல் கடிதம் வந்தது. மெர்சி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்: அன்புள்ள வெப்மாஸ்டர், உங்கள் அழகிய தளத்தை நெடுநேரம் பார்த்து ரசித்தேன். என் தளத்தின் முகவரியை உங்கள் தளத்தில் போடுங்கள். உங்களுடையதை என்னுடையதில் போடுகிறேன். இருவரும் பயனடைவோம். இப்படிக்கு, லக்கி செவன் சீட்டாட்டக் கிளப்.

“வெப்மாஸ்டர்னா யாரு?”

“நீங்கதாண்ணா. சைட்டுக்காரர்.”

சுப்பராயன் நாற்காலியில் நிமிர்ந்தார். மின்வாரிய அலுவலகத்தில் அவர் ‘யோவ்’. வங்கியில் ‘அடுத்தது’. நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாக ஒருவர், அதுவும் கடல் கடந்து, பட்டம் போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்.

“இது ஆள் எழுதறது இல்லண்ணா. மெஷினு. ஊருக்கெல்லாம் இதே லெட்டர்தான். தூக்கிப் போட்டுடவா?”

“இன்னாம்மா பேசற? நெடுநேரம் பாத்தேன்னு எழுதிகீறான். என் பொண்டாட்டி ரெண்டு நிமிஷம் பாத்துட்டு சீரியல் பாக்கப் பூட்டா.”

“சீட்டாட்டக் கிளப்புண்ணா.”

“ஆடறவன் ஆடட்டும். கேட்டு வந்தவன் மூஞ்சில கதவ சாத்தச் சொல்றியா?”

சுப்பராயனுக்கு ஒரே ஒரு சட்டம் தெரியும். அதைக் கற்றது கல்யாணப் பத்திரிகையில். தங்கை கல்யாணத்தில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பட்டியலில் பெரியப்பா மகன் யாக்கோபு பெயர் விட்டுப் போயிற்று. யாக்கோபு அப்போது கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்திருந்தார். அதனால்தான் விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். உண்மையில் அச்சகத்தில் இடம் போதவில்லை. ஒன்பது வருடம் பேச்சு இல்லை. சுப்பராயனின் அப்பா செத்ததற்கும் வரவில்லை. அன்றிலிருந்து, பெயர் போடச் சொல்லி யார் கேட்டாலும் போட்டுவிடுவது. எந்த வரிசையில் என்பதை மட்டும் யோசிப்பது.

“தனிப் பக்கத்துல, மூலையில போட்டுடறேண்ணா.”

“மூலையிலயா? பந்தியில எலைக்குக் காத்துகினு நிக்க வச்ச மாதிரி இருக்கும். மொதல் பக்கத்துல போடு. உயர்திருன்னு போடு.”

போட்டாள். கேட்டவர் பெயரைப் போடுகிற விஷயம் வெளியே பரவிவிட்டது போலிருக்கிறது; தினமும் இரண்டு, மூன்று என்று வர ஆரம்பித்தன. உயர்திரு லக்கி செவன் சீட்டாட்டக் கிளப்புக்குக் கீழே, உயர்திரு வழுக்கை நிவாரண மாத்திரை, பனாமா. அதற்கும் கீழே நடாஷா என்பவர், தனிமையில் வாடுபவர்.

“செல்வின்னு போடவா, திருமதின்னு போடவா?”

“கேட்டு எழுதேன்.”

“ஃபோட்டோவுல பாத்தா கல்யாணம் ஆன மாதிரி தெரியலண்ணா. குளிர்ல நடுங்கற மாதிரிதான் கீது.”

“அப்ப செல்வியே போடு.”

ஒவ்வொருவருக்கும் சுப்பராயன் வாயால் சொல்ல, மெர்சி நன்றிக் கடிதம் அடித்தாள். தங்கள் இல்லத்தார் நலமா என்ற வரி எல்லாக் கடிதத்திலும் உண்டு. புது விசிட்டிங் கார்டில் ‘ஆர். சுப்பராயன், வெப்மாஸ்டர்’ என்று தங்க எழுத்து. பேலட் அடியில் சின்னதாக. மாதக் கடைசிக்குள் அன்பர்கள் நாற்பத்து மூன்று பேர். முகப்பில் சுப்பராயனையும் பேலட்டையும் பார்க்க, வெகுதூரம் கீழே உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

கமிட்டி கூடிய நாளன்று, கஞ்சி போட்ட சட்டையோடு கம்பெனி வரவேற்பறையில் காத்திருந்தார். நெல்லையப்பன் உள்ளேயிருந்து வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை மட்டும்தான் நேராகத் தொங்கியது.

“என்ன காரியம் பண்ணிட்டீரு வே?”

“இன்னா சார் ஆச்சு?”

“பெரிய திரை. பதினோரு பேரு உக்காந்திருக்கான். உம்ம சைட்டத் தொறக்கேன், கம்ப்யூட்டர் தொறக்க மாட்டேங்கு. செவப்பா ஒரு பக்கம் வருது. சூதாட்டம், ஆபாசம், இந்தத் தளம் தடை செய்யப்பட்டதுன்னு. கீழ என் பேரு. இன்னார் பார்க்க முயன்றார்னு.”

“ஐயோ. அப்பறம்?”

“அப்பறம் என்ன, மெமோ. பக்கத்துல இருந்த அம்மா நாற்காலிய ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கிட்டாவ.”

“சார், பலகை வண்டில கீது. ஒரு தபா வந்து பாருங்க சார். நூறு பொட்டி ஏத்தினாலும் அசையாது.”

“பலகைய யாரும் கொற சொல்லலையே.”

“அப்ப?”

“சப்ளையர் லிஸ்டுல பேர அடிச்சாச்சு. மறுபடி எழுதிப் போட ரெண்டு வருசம் ஆகும்,” என்றார் நெல்லையப்பன். பிறகு கொஞ்சம் மனமிரங்கி, “என்கிட்ட இனிமே பேசாதீங்க அண்ணாச்சி. கேமரா இருக்கு,” என்றார்.

ரெண்டு வருடம் தாங்க ஷெட்டில் எதுவும் இல்லை. மறுநாள் காலை இரண்டு தச்சர்களையும் கூப்பிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று சொன்னார். இருவருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவர் ஒரகடத்தில் செக்யூரிட்டி வேலைக்கு ஏற்கெனவே சட்டை அளவு கொடுத்திருந்தார்.

மெர்சி பத்தே நிமிடத்தில் நாற்பத்து மூன்று பெயர்களையும் நீக்கினாள். தடையை நீக்கச் சொல்லித் தடுப்பு மென்பொருள்காரர்களுக்கு எழுதினாள். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது: அன்புள்ள வெப்மாஸ்டர், இது தானாக அனுப்பப்படும் கடிதம், இதற்குப் பதில் எழுதாதீர்கள்.

சுப்பராயன் அதையும் முழுக்கக் கேட்டார். பிறகு, “நாம அவங்க பேரப் போட்டோமே, அவங்க நம்ம பேரப் போட்டாங்களாம்மா?” என்றார்.

மெர்சி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கிளப்பில் இல்லை. பனாமாவில் இல்லை. செல்வி நடாஷாவிடம் இல்லை. இருபதைத் தாண்டியதும் கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்கண்ணா. நீங்க சொல்லச் சொல்ல அடிச்சேனே நன்றி லெட்டரு, எல்லாம் அன்னிக்கன்னிக்கே திரும்பி வந்திடிச்சி. அந்த விலாசத்துல ஆளே இல்லன்னு. உங்க மூஞ்சப் பாத்துட்டு நான்தான் அழிச்சிட்டேன்.”

“ஒண்ணு கூடவா போய்ச் சேரல?”

“ஒண்ணு கூட இல்ல.”

சுப்பராயன் தலையாட்டினார். “மீதியையும் பாத்துடு.”

நாற்பத்து மூன்றாவது தளத்தில் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், பல் வைத்தியர்கள் என்ற தலைப்பின் கீழ், எங்கோ கனடாவிலும் கென்யாவிலும் இருக்கும் டாக்டர்களுக்கு நடுவே சுப்பராயனின் பேலட். அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

“பல்லு டாக்டருங்க கூட இன்னாம்மா நமக்கு?”

“மெஷினு போட்டதுண்ணா. அதுக்கு இன்னா தெரியும்?”

“ஆனா போட்டுக்கீது.”

அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் புதுக் கடிதம் ஒன்று வந்து விழுந்தது. மெர்சியின் விரல் அழிக்கும் பொத்தான் மேல் போயிற்று.

“யாரும்மா?”

“நாய் பிஸ்கட் கம்பெனி.”

“நம்ம சைட்டப் பாத்தானாமா?”

“நெடுநேரம் பாத்து ரசிச்சானாம்.”

நீக்கியதெல்லாம் நீக்கியபின் முகப்பில் சஃபாரி உடுப்பும், பேலட்டும், சுற்றிக்கொண்டே இருந்த பூமி உருண்டையும்தான் மிச்சம். சுப்பராயன் அந்த உருண்டை இரண்டு சுற்றுச் சுற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடு,” என்றார். “மொதல் பக்கத்துலயே போடு. இப்பதான் எடம் நெறைய கீதே.”